சேவல் கூவாத ஊர்

இந்த ஊரில் சாயங்காலம் லேசில் முடிவதில்லை. கடிகாரம் என்னவோ அதே இந்தியக் கடிகாரம்தான். ஐந்தரை மணி என்றால் நம் போர்ட் பிளேரில் இருட்டிவிடும். படகுத்துறை ஜெட்டியில் விளக்குகள் எரியும். ஃபெர்ரியைப் பிடிக்க ஆட்கள் ஜல்தி ஜல்தி என்று ஓடுவார்கள். ஊருக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள் என்பது தெரியும். இந்த வயதில் என் வாய் மாறாது, எனக்கு அது போர்ட் பிளேர்தான். அதே ஐந்தரைக்கு, நாமக்கல்லுக்கு வெளியே சேலம் நெடுஞ்சாலையோரம் நான் வாடகைக்கு இருக்கும் மாடி அறையில் வெயில் கண்ணைக் குத்துகிறது. லாரிகள் விளக்குப் போடாமலே போகின்றன. அந்தமான் தீவு கிழக்கே தள்ளிக் கிடப்பதால் அங்கே சூரியன் ஒரு மணி நேரம் முந்தி வந்து, ஒரு மணி நேரம் முந்திப் போய்விடுகிறது. இது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். ஆனால் இங்கே மிச்சம் விழும் அந்த ஒரு மணி நேரத்தைத் தனியாக இருக்கும் கிழவன் என்ன செய்வது என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை. நான் நாற்காலியை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் உட்கார்ந்து, கண்ணில் படுவதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எண்ணுவது எனக்குப் பிழைப்பாக இருந்த காரியம். முப்பத்தாறு வருடம் துறைமுகத்தில் நின்று, கப்பலிலிருந்து இறங்கும் சிமெண்டு மூட்டையையும் வெங்காய மூட்டையையும் எண்ணிக் கணக்குச் சொன்னவன். ஓய்வு பெற்றபின் எண்ண எதுவும் இல்லாமல் போனாலும் கண் நிற்கவில்லை. இங்கே சாலையில் முட்டை வண்டிகளை எண்ணுகிறேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் நீண்ட கம்பங்களைப் படுக்கவைத்துக்கொண்டு எந்த மாநிலத்துக்கோ புறப்படுகின்றன, அவற்றை எண்ணுகிறேன். சாலைக்கு மேற்கே மக்காச்சோளக் காடு, அதைத் தாண்டி நீள நீளமாகக் கோழிப் பண்ணைக் கொட்டகைகள் பதினொன்று. காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் சன்னலைச் சாத்த வேண்டும். ஒரு கொட்டகைக்குள் எத்தனை ஆயிரம் கோழி இருக்கும் என்று என்னால் எண்ண முடியவில்லை. ஆனால் வந்த முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். இத்தனை கோழி இருக்கிற ஊரில் விடிகாலையில் ஒரு சேவல்கூடக் கூவிக் கேட்கவில்லை. வீட்டுக்காரர் பொன்னுசாமியிடம் கேட்டேன். இந்தப் பதினொன்றில் இரண்டு கொட்டகை அவருடையது.

"முட்டைக் கோழிங்க. சேவல் எதுக்குங்க? அது இல்லாமலே முட்டை போடுமுங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நேரம் தெரியாம சங்கடமா இருக்குதுங்களா? சுவத்துல ஒரு கடியாரம் மாட்டித் தரச் சொல்றேனுங்க" என்றார். மறுநாளே மாட்டியும் கொடுத்தார். நான் கேட்டது கடிகாரம் இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நன்றி சொன்னேன்.

நான் இங்கே வந்தது என் பேத்தி கயலுக்காக. அவளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது இந்த நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கம் இருக்கும் கல்லூரியில். தீவை விட்டு மெயின்லேண்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளை, தீவில் இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் ஜெட்டியில் நின்று கையசைத்து அனுப்பியிருப்பீர்கள். என் மகன் அப்படிக் கையசைக்கத் துணியவில்லை. அவன் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன், சீசனில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. "அப்பா, நீங்க சும்மாதானே இருக்கீங்க. காலேஜுக்குப் பக்கத்துல ஒரு ரூம் எடுத்து இருங்க. அவ பழகிட்டான்னா வந்துருங்க. பழகலைன்னா கூட்டிட்டு வந்துருங்க. எது சரின்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்றான். மனைவி இறந்தபின் யாரும் என்னிடம் எந்த முடிவையும் கேட்டதில்லை. உடனே ஒத்துக்கொண்டேன். அவள் படிப்பு தொடர்வதா நிற்பதா என்பது என் கண்ணில் இருக்கிறது என்ற பாரம் இங்கே வந்த பிறகுதான் தோளில் உட்கார்ந்தது.

வந்து பார்த்தால், முதலாண்டுப் பிள்ளைகள் எல்லோரும் விடுதியில்தான் இருக்க வேண்டுமாம். போனை வார்டன் வாங்கி வைத்துக்கொள்வார். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டும் வீட்டார் வந்து பார்க்கலாம். இந்த வட்டாரத்தில் இது பள்ளியிலேயே பழகிப்போன வழக்கம் என்று டீக்கடையில் சொன்னார்கள். ஆக, பேத்தி சாலைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் நாலுவழிச் சாலை. தீவுக்கும் மெயின்லேண்டுக்கும் இடையே இருக்கும் கடலைவிட இது எனக்குக் கடினமாகப் பட்டது. கடலுக்காவது கப்பல் உண்டு.

கடல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தீவில் வழி சொல்வதென்றால் கடல் பக்கம், மலைப் பக்கம் என்றுதான் சொல்வோம். இங்கே வந்த புதிதில் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது எந்தத் திசையில் நடக்கிறோம் என்றே தெரியாமல் நின்றேன். சமவெளி நாலு பக்கமும் ஒன்றுபோலப் பரந்து கிடந்தது. பொன்னுசாமியிடம், "இங்கிருந்து கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். எனக்கு வேண்டியது திசை மட்டும்தான்.

"கடலுங்களா? அதுக்கு நீங்க நாகப்பட்டினம் போகோணும். இல்லாட்டி மேட்டூர் டேமு இருக்குது, பஸ்ஸுலயே போயிட்டு வந்தரலாம். அலைதான் அடிக்காது, மத்தபடி தண்ணி தண்ணிதானுங்களே" என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அந்தமானுங்களா? அப்ப உங்க அப்பாரு என்ன கேஸுல அங்க போனாருங்க?" என்று கேட்டார். என் அப்பா மரம் அறுக்கும் ஆலையில் கூலி வேலைக்குப் போனவர் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. "இருக்கட்டும் சாமி, அதெல்லாம் அந்தக் காலம்" என்று ஆறுதல் சொன்னார். நான் மாலை எதுவும் போடவில்லையே, எதற்குச் சாமி என்கிறார் என்று அன்று முழுக்க யோசித்தேன். இங்கே கிழவனையும் குழந்தையையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள் என்று பிறகு புரிந்தது.

மாடியிலிருந்து பார்த்தால் கல்லூரி வாசல் தெரியும். புதிதாக வந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். முதல் வாரத்தில் அவர்கள் தனித்தனியாக நடந்தார்கள், புதுப் பையை வயிற்றோடு அணைத்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டு. சாலையில் பேருந்து ஹாரன் அடித்தால் ஒவ்வொரு தலையும் வாசல் பக்கம் திரும்பும். நாள் ஆக ஆக இரண்டு பேராகப் போனார்கள், பிறகு மூன்று, நான்கு பேராக. ஹாரனுக்குத் திரும்பும் தலைகள் குறைந்துகொண்டே வந்தன. எல்லோருக்கும் ஒரே வெள்ளைக் கோட்டு, ஒரே பின்னல். அந்தக் கூட்டத்தில் என் பேத்தியை என்னால் ஒருமுறைகூடப் பிரித்தறிய முடியவில்லை. மூட்டைகளில் ஒன்று குறைந்தால் கப்பலடியிலேயே சொல்லிவிடுவேன். இத்தனை பெண்களில் என்னுடையவள் எந்தத் தலை என்று சொல்ல முடியவில்லை.

முதல் பார்வை ஞாயிறு நன்றாக அமையவில்லை. தீவுப் பிள்ளைக்கு மீன் வேண்டுமே என்று மேட்டூர் மீன் வாங்கி, தேங்காய் அரைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த மாதிரி குழம்பு வைத்துக் கொண்டுபோனேன். வளாகத்தில் புங்க மரங்களுக்கு அடியில் குடும்பம் குடும்பமாகப் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழெட்டுப் பேர், வேனில் வந்து இறங்கிய அண்டாவும் தூக்குவாளியும். எங்கள் மரத்தடியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு டிபன் கேரியரும். கயல் ஒரு வாய் போட்டாள்.

"கடல் இல்லாத மீன் தாத்தா" என்றாள். அதோடு கை நின்றுவிட்டது. பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துருது. எல்லாரும் தூங்கறாங்க. லைட்டு போட்டா திட்டறாங்க. இருட்டுல உக்காந்தே இருக்கேன். அந்தமான் ஜெயில் பேரை வெச்சு என்னைக் காலாபானின்னு கூப்பிடறாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க தாத்தா."

அவளுக்கு ஏன் விழிப்பு வருகிறது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே நேரத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. தீவில் நாலரைக்கே வானம் வெளுக்கத் தொடங்கிவிடும், உடம்பு அதற்குப் பழகியது. "அடுத்த பார்வை ஞாயிறு வரைக்கும் பொறுத்துக்கோ. அப்பவும் இப்படித்தான்னா அன்னைக்கே கிளம்பிரலாம்" என்று வாக்குக் கொடுத்தேன். கொண்டுபோன குழம்பைத் திரும்ப எடுத்துவந்து நானே தின்று தீர்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த விளக்கைக் கவனித்தேன். அவள் அறை மூன்றாவது மாடியில் கடைசி என்று சொல்லியிருந்தாள். விடிவதற்கு வெகு முன்பு, விடுதி முழுதும் இருண்டு கிடக்கும்போது, மூன்றாவது மாடியின் கோடியில் ஒரே ஒரு விளக்கு எரியும். நான் மாடியில் நின்று பார்ப்பேன். அந்த நேரத்துக்கு இந்த ஊரில் விழிக்கக்கூடியவர்கள் தீவிலிருந்து வந்த இரண்டே பேர்தான். ஆக அது அவள்தான். தூக்கம் வராமல் உட்கார்ந்து அழுகிறாள். ஒரு நாள் தவறாமல் அந்த விளக்கு எரிந்தது. நானும் ஒரு நாள் தவறாமல் எழுந்து நின்றேன். இரண்டு பேரும் சாலைக்கு இரண்டு பக்கமும் விழித்திருக்கிறோம் என்பதில் துக்கத்தோடு ஒரு துணையும் இருந்தது. மகனுக்குப் போன் செய்து, "பிள்ளை தூங்கறதே இல்லடா" என்றேன். "சரிப்பா. இந்த ஞாயிறு போய்க் கூட்டிட்டு வந்துருங்க" என்றான்.

இரண்டாவது பார்வை ஞாயிறுக்கு நான் சமைக்கவில்லை. என் பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டு வெறுங்கையோடு சாலையைக் கடந்தேன். போன மாதம் உட்கார்ந்த மரத்தடிக்குப் போனேன். கயல் அங்கே இல்லை. சுற்றிப் பார்த்தபோது, பக்கத்து மரத்தடியில் ஒரு பெரிய குடும்பத்துக்கு நடுவே என் பேத்தி சம்மணமிட்டு உட்கார்ந்து, இலையில் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க சாமி, வாங்க. நீங்கதானுங்களா அந்தமான் தாத்தா? உக்காருங்க. நாங்க மேச்சேரிங்க. இது எம் மக சுகன்யா, உங்க பேத்தி ரூமுதான். ஏ புள்ளைகளா, தள்ளி உக்காருங்க, தாத்தாவுக்கு எலை போடு."

நான் உட்கார்ந்தேன். வேறு வழி தெரியவில்லை. கயல் என் பக்கம் திரும்பி, "சாப்பிடுங்க தாத்தா, மேச்சேரி ஆட்டுக் கறி. நல்லா இருக்குங்க" என்றாள். இந்த ஊர்ப் பேச்சின் அந்த 'ங்க' என் காதில் விழுந்து அங்கேயே நின்றது.

அந்த அம்மாள் நிறுத்தாமல் பேசினார். "எம் மக ஊட்டுல ஒரு நாளு எட்டு மணிக்கு முந்தி எந்திரிச்சதில்லீங்க. தண்ணிய மூஞ்சில தெளிச்சாலும் பொரண்டு படுத்துக்குவா. இப்ப என்னடான்னா விடியக்கால தலைக்குக் குளிச்சு முடிச்சர்றாளாம். எல்லாம் உங்க பேத்தி புண்ணியமுங்க. இவ இல்லாட்டி அந்த மாடியே நாறிக் கெடக்கும்."

"அம்மா!" என்று சுகன்யா அதட்டினாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு விளக்கினாள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மேல்மாடி. கீழ்மாடிகளில் சீனியர்கள் குழாயைத் திறந்துவிட்டால் மேலே நூல் மாதிரிதான் தண்ணீர் வரும். அதற்கு முன்னால் குளித்துவிட வேண்டும். ஆனால் போன் இல்லை, போன் இல்லாவிட்டால் அலாரம் இல்லை. ஒருத்தி கொண்டுவந்த அலாரம் கடிகாரம் கீழே சீனியர்களையும் எழுப்பி, அன்றைக்கே வார்டன் மேசைக்குப் போய்விட்டது. முதல் மாதம் பாதிப் பேர் குளிக்காமல் வகுப்புக்கு ஓடியிருக்கிறார்கள்.

"அப்பத்தானுங்க தாத்தா, இவ மட்டும் டெய்லி முழிச்சுட்டு இருக்கறதப் பாத்தோம். ஒரு நாளு என்னைய எழுப்பி உடுடின்னு சொன்னேன். மறுநாளு பக்கத்து ரூமு. இப்ப மாடி பூராவும் இவ கையிலதானுங்க. ராத்திரியே எல்லாரும் பக்கெட்ட வரிசையா வெச்சிருவோம். இவ எந்திரிச்சு பாத்ரூம் லைட்டப் போட்டு, பக்கெட்ட ரொப்பி, ஒவ்வொருத்தியா எழுப்பி உடுவா. எழுப்பறப்ப சத்தமே வராது. கால் கட்டைவெரலப் புடிச்சுத் திருகுவா பாருங்க, உசுரு போயிரும்!"

"முன்னாடி காலாபானி. இப்ப இவளுக்குப் பேரு அந்தமான் சேவல்" என்றாள் இன்னொருத்தி. மரத்தடி முழுதும் சிரித்தது. கயல் அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

நான் இலையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "மூணாவது மாடி கோடியில எரியற லைட்டு?"

"அது பாத்ரூம் லைட்டு தாத்தா. ஏன், ரோட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து தெரியுதா?"

தெரிகிறது என்று மட்டும் சொன்னேன். அத்தனை விடிகாலைகளில் நான் நின்று பார்த்தது அழுகை இல்லை, பக்கெட் நிரம்புவது. எண்ணிக்கையில் பிழை இல்லை. எரிந்த விளக்கு ஒன்றுதான், எரிந்ததும் தினமும்தான். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் நான் தப்பாகச் சொல்லியிருந்தேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகும்போது கயலைத் தனியே நிறுத்தினேன். "அப்பா இன்னைக்கே கூட்டிட்டு வரச் சொன்னான். நான் பெட்டி கட்டிட்டேன்" என்றேன்.

அவள் முகம் மாறியது. "ஐயோ தாத்தா, இப்ப வேணாம். நான் போயிட்டா இவளுங்களை யார் எழுப்பறது?" என்றாள். கொஞ்சம் யோசித்து, "தீபாவளி லீவு மூணு நாள்தான். மேச்சேரிக்கு வரச் சொல்றாங்க, போகட்டுமா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். பிறகு அவளாகவே, குழாயைத் திறந்தபடி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இவளுங்களை எழுப்பறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் படிக்கட்டுல உக்காந்துக்குவேன் தாத்தா. அப்ப நம்ம வீட்டுல வெளிச்சம் வந்திருக்கும், அப்பா படகுக்குக் கிளம்பிட்டு இருப்பாரு. அந்த நேரம் மட்டும் யாருக்கும் குடுக்கறதில்ல." சொல்லிவிட்டு ஈரக் கையை என் வேட்டியில் துடைத்துவிட்டு ஓடினாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

புதிய இடத்தில் பழகுவது என்றால் பழைய இடத்தின் உடம்பைக் கழற்றி வைப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கயல் எதையும் கழற்றவில்லை. தீவின் விடிகாலையை அப்படியே வைத்துக்கொண்டு அதில் ஒரு மாடியையே எழுப்புகிறாள். எனக்கு அப்படி ஒன்றும் அமையவில்லை. நான் விழித்து யாரும் எழவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி அழுகிறாள் என்ற நினைப்புதான் இங்கே என் வேலையாக இருந்தது, அதுவும் அந்த மரத்தடியில் முடிந்துபோனது. அன்று அறைக்குத் திரும்பி, கட்டிய பெட்டியை அவிழ்க்கவில்லை. மகனிடம் பேசினேன். வரும் வியாழக்கிழமை சென்னையிலிருந்து விமானம், எனக்கு மட்டும் டிக்கெட்.

நேற்று ஒன்று நடந்தது. கண் விழித்தபோது அறைக்குள் வெயில் இருந்தது. பதறி மாடிக்கு ஓடினேன். விடுதியில் ஒரு விளக்கும் இல்லை. வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். என் பேத்தி எல்லோரையும் எழுப்பி முடித்து வெகு நேரம் ஆகியிருந்தது, என்னைத் தவிர. முடியாத சாயங்காலங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து, தூக்கம் ராத்திரியில் தள்ளித் தள்ளிப் போய், என் உடம்பு எனக்குச் சொல்லாமலே இந்த ஊர்க்காரனாகிவிட்டது. இங்கேயே இருக்கப்போகிறவள் தீவின் நேரத்தில் எழுகிறாள். தீவுக்குப் போகப்போகிற நான் இந்த ஊர் வெயில் சுட்ட பிறகு எழுகிறேன். ஆளுக்கொரு மூட்டை மாறிப்போய்விட்டது. திருப்பிக் கேட்க எந்த ஜெட்டியிலும் ஆள் இல்லை.

பொன்னுசாமியிடம் வியாழக்கிழமை காலி செய்கிறேன் என்று சொன்னேன். "அட, இப்பத்தானுங்க பழகுனீங்க" என்றார். சுவர்க் கடிகாரத்தை என்னையே எடுத்துப்போகச் சொன்னார். "அங்க போயும் இதே நேரந்தான் காட்டுமுங்க" என்றார். ஆமாம் என்றேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மகன் கூப்பிட்டான். ஐந்தரை மணி. "இங்க இருட்டிருச்சுப்பா, மழை வேற. அங்க?" என்றான். பின்னால் தகரக் கூரையில் மழை அடிப்பது கேட்டது. இங்கே இன்னும் வெளிச்சம் இருக்கிறது என்றேன். போனை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். சூரியன் கோழிக் கொட்டகைகளுக்கு மேலே நின்றது. என் கால் இரண்டும் இந்த மொட்டை மாடியின் சூட்டில் இருந்தன. நிழல் மட்டும் என்னைவிட மூன்று மடங்கு நீளமாக, கைப்பிடிச் சுவரில் ஏறி மடிந்து, கிழக்கே விழுந்து கிடந்தது. கடல் எந்தப் பக்கம் என்று இப்போது நான் யாரையும் கேட்பதில்லை.